சொன்ன நாளும் வந்த நாளும்

ஊரில் வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குக் கொத்தனாரின் நாட்கணக்கு நன்றாகத் தெரியும். "வெள்ளிக்கிழமை தளம் போட்டுவிடலாம்" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. தலைநகரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, தஞ்சைக்கோ திருநெல்வேலிக்கோ பக்கத்துக் கிராமத்தில் வீடு கட்டும் நம் அன்பர்களின் பாடு இன்னும் பரிதாபமானது. விடுமுறை எடுத்து, இரண்டு இரவு ரயிலில் கழித்து, கிரகப் பிரவேசத்துக்கு நாள் பார்த்து உறவினருக்கெல்லாம் பத்திரிகையும் அனுப்பிவிட்டுப் போய் நின்றால், வாசலில் நிலை மட்டும் நிற்கும்; கதவு ஆசாரியின் பட்டறையில் இன்னும் பலகையாகவே கிடக்கும். அப்போது உண்டாகும் கோபம் செலவைப் பற்றியதன்று. தாமதத்தைப் பற்றியதுகூட அன்று. "முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்பதுதான் எல்லார் வாயிலும் முதலில் வருவது.

சென்ற மாதம் இந்தக் கேள்வியை நம்மைப் பார்த்தே ஒருவர் கேட்டுவிட்டார். நம் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் நூலகத்துக்கும், குழந்தைகளின் தமிழ் வகுப்புக்கும் அறைகள் கட்டப்போவதாகச் சொல்லி நன்கொடை திரட்டினோம். சித்திரைப் பிறப்பன்று திறப்பு விழா என்று பொங்கல் மேடையில் அறிவித்தவர்களும் நாமே. சித்திரை போயிற்று, ஆடியும் போயிற்று. வகுப்பு இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் நடைபெறுகிறது. தம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை நன்கொடையாகத் தந்த பெரியவர் ஒருவர், கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நம்மிடம் வந்து, "தாமதமானால் ஆகட்டும் ஐயா. எங்களிடம் சொன்னால் என்ன?" என்றார். கட்டடக் குழுவில் இருக்கும் நம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

அன்றிரவு மெட்ரோ ரயிலில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. நாம் உட்கார்ந்திருந்த அந்த வண்டியே விடையின் ஒரு பகுதி என்று பிறகு தோன்றிற்று. நாம் நான்கு அறை கட்டத் தடுமாறுகிறோம். கோடிக்கணக்கான மக்கள் வாழும் இந்த நகரத்தின் நடுவே, தெருக்களைத் தோண்டி, பழைய மாளிகைகளுக்கு அடியில் புகுந்து, ஒரு ரயில் பாதையை நாள் குறித்துக் கட்டி முடித்தார்களே, அது எப்படி? அதைப் பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். அவர்கள் செய்ததெல்லாம் சரி என்பது நம் கருத்தன்று.

வீடு கட்டும்போது உரிமையாளர், கொத்தனார், கடன் கொடுத்த வங்கி, சுவரை ஒட்டிக் குடியிருக்கும் அண்டை வீட்டார் என்று நாலைந்து பேரைத் திருப்தி செய்தால் போதும். நகர ரயில் பாதைக்கோ அக்காரியத்தால் ஆதாயமோ இழப்போ அடையக்கூடியவர் தொகை லட்சக்கணக்காகும். நிர்வாக நூல்கள் இவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கின்றன. நாம் பங்குடையோர் என்று சொல்லிக்கொள்வோம். பெயர் ஒன்றாயினும் அவர்கள் விரும்புவது ஒன்றன்று. துவாரகையில் குடியிருப்பவர் நாளைக்கே ரயில் வர வேண்டும் என்பார். சாந்தினி சௌக்கில் கடை வைத்திருப்பவர் தம் கடை வாசலில் மண்வெட்டி விழவே கூடாது என்பார். கடன் கொடுத்த நாடு கணக்கைக் கேட்கும். தொல்பொருள் இலாகா பழஞ்சுவரில் கீறல் விழக்கூடாது என்னும். பேர் தமக்கு வர வேண்டும் என்பது அமைச்சர்களின் எண்ணம். அதுவும் அடுத்த தேர்தலுக்கு முன் வந்தால் நலம்.

டில்லி மெட்ரோவைக் கட்டும் பொறுப்பை 1997ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றவர் இ. ஸ்ரீதரன். பாலக்காட்டுப் பக்கத்தவர், ரயில்வே என்ஜினீயர். அப்போதே அவருக்கு அறுபத்தைந்து வயது. டில்லிக்கு வருமுன் அவர் பணியாற்றிய மூன்று இடங்களைப் பார்த்தால்தான் இங்கே அவர் செய்தது விளங்கும். அவற்றில் முதலாவது நம் ராமேசுவரம்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலைத் தனுஷ்கோடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. பாலத்தைச் சீராக்க ஆறு மாதம் ஆகும் என்று ரயில்வேயில் கணக்கிட்டனர். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலையை ஏற்ற ஸ்ரீதரனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கடலில் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து மீண்டும் தூண்களின் மேல் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார். வெளியே சொல்லும் நாள் ஒன்று, உள்ளே தனக்கென்று வைத்துக்கொள்ளும் நாள் மற்றொன்று என்ற வழக்கத்தை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

இதைப் படிக்கும் அன்பர்கள் சிலர் நமட்டுச் சிரிப்புச் சிரிக்கலாம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 6ஆம் நாள். இடைப்பட்ட இரண்டு கோடை விடுமுறையிலும் ராமேசுவரம் போன நம் குடும்பங்கள் தீவுக்கு இப்பாலேயே ரயிலை விட்டிறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் பஸ் ஏறின. பழைய பாலத்தைப் பழுது பார்ப்பதும் கடல் நடுவே புதுப்பாலம் எழுப்புவதும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் மூட்டையைச் சுமந்தவருக்கு அந்த வேறுபாட்டை யாராவது எடுத்துச் சொன்னார்களா என்பதே நம் கேள்வி.

இரண்டாவது இடம் கல்கத்தா. 1970இல் அந்நகரத்துப் பாதாள ரயிலின் திட்டப்பணி ஸ்ரீதரனிடம் வந்தது. 1972 டிசம்பர் 29ஆம் நாள் பிரதம மந்திரி இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். முதல் வண்டி ஓடியது 1984 அக்டோபர் 24ஆம் நாள். அதுவும் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை, மூன்றரைக் கிலோமீட்டருக்குள். டம்டமிலிருந்து டாலிகஞ்ச் வரை பதினாறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதை முழுமையும் நிறைவேறியது 1995இல். நகரத்தின் நடுநாயகமான சாலைகளை மேலிருந்தே வெட்டிப் பள்ளமாக்கிக் கட்டிய பாதை அது. பள்ளத்தின் ஓரமாகவே ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

என்ஜினீயர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் இப்படி நேரவில்லை. இந்தியாவில் அதற்கு முன் யாரும் செய்திராத வேலை அது. அதைச் செய்து காட்டியவர்களை நாம் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் பணம் வரவேண்டிய பெட்டியின் சாவி அவர்கள் கையில் இல்லை. ஆண்டுதோறும் டில்லி பட்ஜெட்டைப் பார்த்துக் காத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய்களையும் மின்சாரக் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டியவர்கள் வேறு இலாகாக்காரர்கள். நீதிமன்றத் தடைகள் இன்னொரு பக்கம். சிமெண்டும் இரும்பும் நினைத்தபோது கிடைக்கவில்லை. இத்தனை பேர் கையில் இருக்கும் காரியத்துக்கு ஒருவர் நாள் சொன்னால், அது கொத்தனாரின் வெள்ளிக்கிழமை போலத்தான் ஆகும். பொங்கல் மேடையில் நாம் சொன்ன சித்திரையும் அந்த வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது கொங்கண் ரயில்வே. மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து மங்களூர் வரை சுமார் 740 கிலோமீட்டர். ஏறத்தாழ இரண்டாயிரம் பாலங்கள். தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். 1990இல் இதற்கென்றே தனிக் கழகம் அமைத்து, ரயில்வேக்கு 51 பங்கு, மகாராஷ்டிரத்துக்கு 22, கர்நாடகத்துக்கு 15, கோவாவுக்கும் கேரளத்துக்கும் ஆளுக்கு 6 என்று பிரித்தனர். இந்தக் கணக்கில் ஓர் அழகு இருக்கிறது. பாதை எந்த மாநிலத்தில் அதிகம் ஓடுகிறதோ அந்த மாநிலம் அதிகம் போட்டது. ஆனால் கேரளத்து மண்ணில் இந்தப் பாதை ஓர் அடிகூட ஓடவில்லை. கேரளம் பணம் போட்டது, பம்பாயில் வேலை பார்க்கும் தன் மக்கள் வீடு திரும்பும் தொலைவு குறையும் என்பதற்காக. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் கோவாவில் இடறிற்று. பாதை கடலோரத்து வயல்கள் வழியாகவும் பழைய ஊர்கள் வழியாகவும் போகிறது, அதை உள்நாட்டுப் பக்கம் தள்ளிப் போட வேண்டும் என்று மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1993இல் அங்கே வேலை நிறுத்தப்பட்டு, ஓய்வு பெற்ற நீதிபதி ஓஜாவின் தலைமையில் விசாரணை நடந்தது. பெர்னெம் சுரங்கத்தில் சேறு போன்ற மண் சரிந்து சரிந்து விழுந்தது வேறு. முதலில் எண்ணியதைவிடச் சில ஆண்டுகள் கழித்து, 1998 ஜனவரி 26ஆம் நாள்தான் பாதை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஸ்ரீதரனும் நாள் தவறியவர்தான். சொன்ன நாளெல்லாம் தவறாமல் காத்த மாயாவியாக அவரைப் பலர் எழுதுவதால் இதைச் சொல்கிறோம். மண் சரிவதை அறிவிக்க முடியும். ஓர் ஊராருக்குத் தம்மைக் கலக்காமல் கோடு போட்டுவிட்டார்கள் என்று தோன்றிவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை விளக்கம் சொன்னாலும் அது சமாதானமாகவே காதில் விழும்.

இனி டில்லிக்கு வருவோம். 1995 மே மாதம் பதிவான மெட்ரோ கழகத்தில் மத்திய அரசும் டில்லி அரசும் சரிபாதிப் பங்கு. முதற்கட்டச் செலவில் ஏறத்தாழ அறுபது சதவிகிதம் ஜப்பானியக் கடன். பணம் எங்கிருந்து வரும் என்பது தொடங்குமுன்பே தீர்ந்தது. கல்கத்தாவில் இல்லாத சாவி இங்கே கையில் இருந்தது. யாரை வேலைக்கு வைப்பது, யாருக்கு ஒப்பந்தம் கொடுப்பது என்பதில் அரசியல்வாதிகள் தலையிடக்கூடாது என்பதையும் ஸ்ரீதரன் முதலிலேயே பேசி முடித்துக்கொண்டார். அதாவது, தம்மால் காக்க முடியாத வாக்குறுதிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே குறைத்துவிட்டார்.

1998 அக்டோபர் முதல் தேதி வேலை தொடங்கிற்று. வேலைத்தலங்களில் ஒரு கடிகாரம் வைத்தார்கள். அது மணி காட்டவில்லை. முடிக்க வேண்டிய நாளுக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்பதை இறங்குமுகமாகக் காட்டிற்று. உள்ளே வருகிறவர் ஒப்பந்தக்காரராயினும், மேஸ்திரியாயினும், மந்திரியாயினும் அவர் கண்ணில் முதலில் படுவது அந்த எண். ஒப்பந்தக்காரர்களின் பட்டியல்களுக்கு இழுத்தடிக்காமல் பணம் கொடுத்தார்கள். அரசாங்க வேலையில் பணம் எப்போது வரும் என்று தெரியாத ஒப்பந்தக்காரர், தம் வேலை எப்போது முடியும் என்று சொல்ல மாட்டார். நாளைக் கேட்பவர் நாளைக் கொடுக்கவும் வேண்டும்.

இவையெல்லாம் அலுவலகத்துக்குள் நடந்தவை. தெருவில் நடந்தவை நமக்கு இன்னும் வியப்பாக இருந்தன. ஒரு சாலையை மறிக்குமுன் மாற்றுப் பாதையை அகலப்படுத்தினார்கள். தோண்டும் இடத்தைச் சுற்றித் தகடுகளால் ஒழுங்காக வேலி வைத்தார்கள். மண் ஏற்றிச் செல்லும் லாரிகளின் சக்கரங்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகே சாலைக்கு விட்டார்கள். வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று நடுவது என்று ஏற்றுக்கொண்டார்கள். ஓர் இடத்தில் வேலை தொடங்குமுன் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்து, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு காலம், எந்தப் பக்கமாகப் போய்வர வேண்டும் என்று சொல்லி, அவர்கள் குறைகளையும் கேட்டார்கள்.

லாரிச் சக்கரத்தைக் கழுவியதற்கும் எதிர்பார்ப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வேலை நடக்கும் ஏழு ஆண்டுகளில் பெரும்பாலான மக்கள் அந்த என்ஜினீயரையும் பார்க்கப்போவதில்லை, அவர் எழுதும் அறிக்கையையும் படிக்கப்போவதில்லை. அவர்கள் பார்ப்பது சாலையில் சிந்தும் சேற்றைத்தான். சேறு சிந்தாத லாரி, "உங்களை நாங்கள் மறக்கவில்லை" என்று தினமும் சொல்லிக்கொண்டு போயிற்று. கனாட் பிளேஸின் நடுப்பூங்காவையே பெயர்த்துப் பள்ளமாக்கியபோதும், ஆபீசுக்குப் போகிற கூட்டம் முணுமுணுத்ததே ஒழிய மறியல் செய்யவில்லை.

எல்லாரும் கேட்டதெல்லாம் கிடைத்தது என்று இதற்குப் பொருளில்லை. தண்டவாளத்தின் அகலத்தைப் பற்றியே பெரிய தகராறு உண்டாயிற்று. உலகத்து நகர ரயில்கள் பலவற்றில் உள்ள திட்ட அகலப் பாதையே தகுந்தது என்பது ஸ்ரீதரனின் கட்சி. நாட்டின் மற்ற ரயில்களைப் போல அகலப் பாதையே வேண்டும் என்றது ரயில்வே அமைச்சகம். அவர் தோற்றார். தம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு, முதற்கட்டத்தை அகலப் பாதையிலேயே கட்டினார். பல ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரலில் இந்தர்லோக்–முண்ட்கா பாதை திட்ட அகலத்தில் திறக்கப்பட்டது. தோற்ற வாதத்துக்காகக் காரியத்தை நிறுத்திவைக்காத குணம் நம் சங்கக் குழுக்களில் எத்தனை பேரிடம் உண்டு என்று எண்ணிப் பார்க்கிறோம்; எண்ணிக்கையை இங்கே வெளியிடவில்லை.

2002 டிசம்பர் 24ஆம் நாள் பிரதம மந்திரி வாஜ்பாய் ஷாதராவிலிருந்து தீஸ் ஹஜாரி வரையுள்ள முதற்பகுதியைத் திறந்து வைத்தார். மறுநாள் பொதுமக்களுக்கு. அன்று கிறிஸ்துமஸ் விடுமுறை. பல லட்சம் பேர் திரண்டுவிட்டார்கள். எட்டுக் கிலோமீட்டர்ப் பாதை, ஆறு நிலையங்கள். எத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும்? தானாகத் திறக்கும் வாயில்கள் திணறின. கடைசியில் காகிதச் சீட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு கழகத்தார் பத்திரிகைகளில் ஒரு வேண்டுகோள் விடுத்தனர்: ரயில் இங்கே நிரந்தரமாக ஓடப்போகிறது, வேடிக்கைக்காகப் பயணம் செய்ய விரும்புவோர் சில நாள் பொறுத்து வாருங்கள் என்று. எதிர்ப்பைச் சமாளிக்க நான்கு ஆண்டு ஆயத்தம் செய்தவர்கள், ஆர்வத்தைச் சமாளிக்க ஆயத்தம் செய்யவில்லை. வராதவர்களை வரவழைக்கத்தான் நாமெல்லாம் சுவரொட்டி அச்சிடுகிறோம். எல்லாரும் வந்துவிட்டால் சாப்பாட்டுக்கு இலை போதுமா என்று நினைப்பதில்லை.

சுமார் 65 கிலோமீட்டர் கொண்ட முதற்கட்டம் 2005ஆம் ஆண்டு இறுதியில், குறித்த காலத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு முன்னதாகவே நிறைவேறிற்று. காலத்தைத் தாராளமாக வைத்துக்கொண்டால் முன்னதாக முடிப்பது எளிதல்லவா என்று ஐயுறுவோர் உண்டு. கல்கத்தாவின் பதினாறு கிலோமீட்டருக்கு ஆன காலத்தை அறிந்தவர் எவரும் 65 கிலோமீட்டருக்குப் பத்தாண்டு என்பதைத் தாராளம் என்று சொல்லமாட்டார். ஆனால் வேறொரு கணக்குத் தவறிற்று. நாளொன்றுக்கு இத்தனை பயணிகள் வருவார்கள் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்த தொகையில் ஒரு பகுதியே முதல் ஆண்டுகளில் வந்தது. நாளைக் காத்ததை ஊரெல்லாம் பேசிற்று. பயணிகளின் கணக்கு தவறியதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மக்கள் எந்த வாக்குறுதியை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், எதை மறந்துவிடுகிறார்கள் என்பது விசித்திரமான விஷயம்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. இரண்டாம் கட்டத்துக்கு ஒரு புது எசமான் வந்து சேர்ந்தார். அவர் பெயர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. 2010 அக்டோபர் 3ஆம் நாள் தொடக்கம். அதை மாற்ற எவராலும் முடியாது. 2009 ஜூலை 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தெற்கு டில்லியின் ஜம்ரூத்பூரில் கட்டிக்கொண்டிருந்த பாலம் ஒரு தூணருகே இடிந்து விழுந்தது. ஆறு பேர் மாண்டனர். அந்தத் தூணின் மேற்பகுதி வடிவமைப்பிலேயே குறை இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. ஸ்ரீதரன் அன்றே பொறுப்பை ஏற்று ராஜினாமா செய்தார்; முதலமைச்சர் ஏற்க மறுத்துத் திரும்ப அழைத்தார். மறுநாள் இடிபாட்டை அகற்றும்போது தூக்கும் இயந்திரங்களும் சரிந்தன.

அவசரத்தால்தான் இடிந்தது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த இறங்குமுகக் கடிகாரத்தை நாம் மேலே மெச்சி எழுதியிருக்கிறோம். ஆகவே இதையும் எழுதியே தீரவேண்டும். பங்குடையோர் பட்டியலில் அரசு இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார், பயணி இருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்குத் தூணின் கீழே நிற்பவர் எந்த வரிசையில் இருக்கிறார்? அவரும் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்தான். பெரும்பாலும் பீகாரிலிருந்தோ வங்கத்திலிருந்தோ வந்து, தகரக் கொட்டகையில் தங்கி, மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புபவர். அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பேசிய கூட்டங்களில் அவருக்கு நாற்காலி கிடையாது. அவர் எதிர்பார்ப்பது ஒன்றே: மாலையில் உயிரோடு கொட்டகைக்குத் திரும்புவது. அந்தப் பாதையில் மத்திய செயலகம் முதல் சரிதா விஹார் வரையுள்ள பகுதி, போட்டிகள் தொடங்கிய நாளிலேயே திறக்கப்பட்டது. நாள் தவறவில்லை.

விமான நிலையப் பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனியார் கூட்டுறவுடன் கட்டிய அது போட்டிகளுக்குள் முடிய வேண்டியது. 2011 பிப்ரவரியில் திறந்தது. கட்டுமானக் குறைகளைச் சரிசெய்ய 2012 ஜூலையில் வண்டிகள் நின்றன. 2013 ஜூலை முதல் தேதி மெட்ரோ கழகமே அதை எடுத்து நடத்தத் தொடங்கிற்று. யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கு 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை நீடித்தது. இலாபமும் நஷ்டமும் யாருடையவை என்பதைக் காகிதத்தில் எழுதிய இருவரும் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள்.

ஸ்ரீதரன் 2011 டிசம்பர் 31ஆம் நாள் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின்னர் சரிபாதிப் பங்கின் மறுபக்கமும் தெரிந்தது. இரு அரசுகளும் ஒத்துப்போன காலத்தில் சரிபாதி ஒரு பலம். முரண்பட்ட காலத்தில் எவரும் மற்றவரை மீறி முடிவு செய்ய இயலாது. நான்காம் கட்டத்தின் ஆறு பாதைகளுக்கு டில்லி அரசு 2018 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. மத்திய அரசு 2019 மார்ச்சில் மூன்றுக்கு மட்டும் தந்தது. நிலத்தின் விலையையும் நஷ்டத்தையும் யார் ஏற்பது என்ற சச்சரவு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நரேலாவுக்குச் செல்லும் பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது 2024 டிசம்பரில். நரேலாவில் குடியிருக்கும் நம் அன்பர்கள் இத்தனை ஆண்டுகளாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே சங்கக் கூட்டத்துக்கு வந்து போகிறார்கள். அவர்களுக்கு யாரும் ஒரு கடிகாரம் வைக்கவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நம் மேல்மாடியைப் பற்றிச் சொல்லாமல் போனால், செருப்புத் தேடிய அன்று நடந்ததைவிட அது மோசமாகும். ஆகவே கணக்கைத் தருகிறோம். தளமும் சுவரும் முடிந்தன. தரைக்கல் பதிப்பது பாதியில் நிற்கிறது; கல் வந்துவிட்டது, பதிப்பவர் ஊருக்குப் போயிருக்கிறார், ஐப்பசி முதல் வாரம் திரும்புகிறார். சாரத்தில் நிற்பவர்களுக்குத் தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் வாங்கியதில் திட்டத்துக்கு மேல் செலவாயிற்று, அதைக் குறைக்கப்போவதில்லை. தீயணைப்பு இலாகாவின் சான்றிதழ் இன்னும் வரவில்லை. விண்ணப்பம் கொடுத்ததே பொங்கலுக்குப் பின்தான்; மேடையில் சித்திரை என்று அறிவித்தபோது அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. அந்தத் தவறு கட்டடக் குழுவினுடையது, ஒப்பந்தக்காரருடையதன்று.

சான்றிதழ் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே திறப்பு விழாவுக்கு நாள் சொல்லவில்லை. அது வந்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாட்களில் மின்சார வேலையும் வர்ணமும் முடியும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலையின் நிலையைத் தமிழில் எழுதி, வகுப்பு நடக்கும் மாடிப்படிச் சுவரில் ஒட்டிவைப்போம். முதல் தாள் இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அங்கே இருக்கும். இல்லையென்றால், பெரியவர் நம்மை எங்கே பார்த்தாலும் நிறுத்திக் கேட்கலாம்.